பேக்கப் இருக்கிறது... ரீஸ்டோர் ஆகுமா?

கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கு வைத்திருப்பவர்களிடம் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, தினமும்" என்பார்கள். "அதை ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராது. 2022ஆம் ஆண்டு வரை நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர்!

என் சித்தப்பா மருந்துக் கடை வைத்திருக்கிறார். கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அவருக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஸ்டாக், பில், கடன் பாக்கி எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கும். தினமும் இரவு 10 மணிக்கு விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலர் ஒரு பேட்ச் ஃபைலை இயக்கும். அது மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கமாண்ட் மூலம் பேக்கப் எடுத்து, வெளியே இணைத்துள்ள ஹார்ட் டிஸ்கில் அன்றைய தேதியிட்ட ஃபைலாகச் சேமிக்கும்.

ஒரு நாள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. "பயப்படாதீங்க சித்தப்பா, பேக்கப் இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து, பேக்கப் ஃபோல்டரைத் திறந்தேன். முந்தின இரவு வரை நாளுக்கு ஒரு ஃபைல் சரியாக இருந்தது. ஆனால் கடைசி 23 ஃபைல்களின் அளவு 0 பைட்!

தவறு என்னுடையதுதான். 23 நாட்களுக்கு முன் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். பேட்ச் ஃபைலில் மாற்ற மறந்துவிட்டேன். ஒரு கமாண்டின் விடையை > குறி போட்டு ஃபைலுக்கு அனுப்பும்போது, முதலில் காலி ஃபைல் உருவாகும். பிறகுதான் கமாண்ட் இயங்கும். பாஸ்வேர்ட் தவறு என்று கமாண்ட் நின்றுவிட்டாலும் காலி ஃபைல் அப்படியே இருக்கும். எர்ரர் செய்தி இரவில் திரையில் தோன்றி மறைந்திருக்கும். யார் பார்ப்பது?

அதற்கு முந்தைய ஃபைல் நன்றாக இருந்ததால் தப்பித்தோம். 23 நாள் விற்பனையை பில் நகல்களைப் பார்த்து நானும் சித்தியும் நான்கு இரவுகள் டைப் செய்தோம். ஆனால் கடன் பாக்கியில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு நகல் இல்லை. வாடிக்கையாளர்களிடமே கேட்க வேண்டியதாயிற்று. "இருக்குன்னு சொன்னியேடா" என்றார் சித்தப்பா. வேறு எதுவும் சொல்லவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடக்கும்

புரோகிராமர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அதன் எஞ்சினியர் ஒருவர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் சுமார் 300 ஜிபி டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி! சர்வரில் இருந்தது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 9.6, பேக்கப் எடுக்க முயன்றதோ 9.2 பதிப்பின் கமாண்ட். அது தினமும் தோல்வி அடைந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் ஈமெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அந்த நிறுவனமே வெளியிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஃபைலின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். நேற்றையதைவிட திடீரென்று குறைந்திருந்தால் ஏதோ தவறு. ஃபைலை நோட்பேடில் திறந்து கடைசி வரிக்குச் செல்லுங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேக்கப் பாதியில் நின்றிருக்கலாம்.

2. கமாண்டில் சிங்கிள்-டிரான்சாக்ஷன் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்தாலும், பேக்கப் தொடங்கிய நேரத்து நிலை சீராகப் பதிவாகும். இது இன்னோடிபி வகை டேபிள்களுக்குப் பொருந்தும். ஸ்டோர்டு புரொசீஜர்கள் வைத்திருந்தால் ரொட்டீன்ஸ் ஆப்ஷனும் தேவை. அவை தானாகச் சேராது.

3. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் > குறியைப் பயன்படுத்தாதீர்கள். ஃபைல் யூடிஎஃப்-16 முறையில் பதிவாகும்; ரீஸ்டோர் செய்யும்போது தகராறு செய்யும். ரிசல்ட்-ஃபைல் ஆப்ஷனில் ஃபைல் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

4. மாதம் ஒரு முறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். இங்கே கவனம் தேவை! மைஎஸ்க்யூஎல்டம்ப் உருவாக்கும் ஃபைலில், அதே பெயருள்ள பழைய டேபிளை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும் கட்டளை வழக்கமாக இருக்கும். அதை உண்மையான டேட்டாபேஸில் ஓட்டினால் இன்றைய கணக்கு போய், பழைய கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். டேட்டாபேஸஸ் ஆப்ஷன் போட்டு எடுத்திருந்தால் டேட்டாபேஸ் பெயரும் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். எனவே வேறு கம்ப்யூட்டரில் சோதிப்பதுதான் பாதுகாப்பு.

5. ரீஸ்டோர் முடிந்ததும் எர்ரர் வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கடைசி பில் எண், டேபிளில் உள்ள வரிகளின் எண்ணிக்கை, மொத்தக் கடன் பாக்கி மூன்றையும் ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

6. இரவு பேக்கப் எடுத்து, மறுநாள் மாலை டிஸ்க் போனால் அன்றைய பில்கள் என்னாகும்? மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் பைனரி லாக் தானாகவே இயங்குகிறது. ஒவ்வொரு மாற்றமும் அதில் பதிவாகும். பேக்கப்பை ரீஸ்டோர் செய்தபின், அதற்குப் பிந்தைய மாற்றங்களை மைஎஸ்க்யூஎல்பின்லாக் கமாண்ட் மூலம் மறுபடி ஓட்டலாம். ஆனால் லாக்கும் அதே டிஸ்கில் இருந்தால் சேர்ந்தே போய்விடும். அவ்வப்போது வேறு டிஸ்குக்கு நகல் எடுங்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, முந்தின இரவு பேக்கப்பை என் லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்கிறேன். பத்து நிமிட வேலை. கடைசி பில் எண்ணையும் மொத்தக் கடன் பாக்கியையும் சித்தப்பாவுக்கு போனில் சொல்வேன். அவர் கடை கம்ப்யூட்டரில் பார்த்து "சரியா இருக்குடா" என்பார். அதன் பிறகுதான் பேக்கப் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்களேன்!