தொற்றா நோய் என்னும் பெயர்

நீரிழிவைத் ‘தொற்றா நோய்’ என்று மருத்துவத் துறை வகைப்படுத்தும்போது, அது கிருமியால் பரவுவதில்லை, நோயாளியைத் தொடுவதாலோ அவரோடு ஒரே பந்தியில் உண்பதாலோ பிறருக்கு வருவதில்லை என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் உணர்த்துவதில்லை. எதுவல்ல என்பதைக் கொண்டே ஒரு நோய்க்குப் பெயரிட்டிருப்பது சற்று விந்தைதான். இதயநோய், புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய் ஆகியவற்றுடன் நீரிழிவையும் உலக சுகாதார நிறுவனம் ஒரே தொகுதியில் வைக்கிறது. புகையிலை, மது, பொருந்தா உணவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவை இவற்றுக்குப் பெரும்பாலும் பொதுவான காரணிகளாக இருப்பதோடு, காய்ச்சலைப் போல வந்து தீராமல் இவை ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடுவதும் அதற்குக் காரணம்.

‘வாழ்க்கைமுறை நோய்’ என்ற மற்றொரு பெயரோ பழியை நோயாளியின் தலையில் ஏற்றிவிடுகிறது. இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடலின் செல்கள் முன்போல் இணங்காத நிலையை ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்பர். அதை ஈடுசெய்யக் கூடுதலாகச் சுரந்து சுரந்து கணையம் தளரும்போது இரண்டாம் வகை நீரிழிவு வெளிப்படுகிறது. மிகையாக உண்டு பருத்தவருக்கே இது வரும் என்ற பொதுக்கருத்து இந்திய உடலுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யூட்கினும் தங்கள் உடல்களையே சான்றாக்கி 2004இல் ‘லான்செட்’ இதழில் ஒரு குறிப்பை வெளியிட்டனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல்நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் 22.3தான், ஆனால் யூட்கினின் உடலில் 9.1 விழுக்காடாக இருந்த கொழுப்பு யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடாக இருந்தது.

இந்த வேறுபாடு கருவறையிலேயே தொடங்குவதை யாக்னிக் குழுவின் ஆய்வுகள் காட்டின. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ, எனினும் தசையும் வயிற்று உறுப்புகளும் குறைந்திருந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. தாயின் ஊட்டக்குறைவும், மற்றொரு புறம் கர்ப்பகாலத்தில் அவளுக்கு ஏறும் சர்க்கரையும் பிள்ளையின் பிற்கால நோய்க்கு வித்திடக்கூடும் என்பதால், தொற்றாத இந்நோய்க்கும் தலைமுறை கடக்கும் வழி ஒன்று உண்டு.

விதி என்று இதை விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்குச் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு சான்று. சர்க்கரை இயல்பை மீறியும் நோயெல்லையை எட்டாத 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர்; உணவு மாற்றத்தையும் நடைப்பயிற்சியையும் மேற்கொண்டவர்களில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையாமலேயே இப்பயன் கிட்டியது என்பது ஆய்வின் மிக முக்கியமான செய்தி. எடைபார்க்கும் கருவியின் முள் அசையாததைக் கண்டு நடையை நிறுத்திவிடுவோர் பலர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, இவ்வாறு நோயின் வாசலில் நிற்போர் நாட்டில் சுமார் 13.6 கோடி, நோயாளிகளோ 10.1 கோடி.

தொற்று நோய், தொற்றா நோய் என்ற பிரிவினை அலுவலகக் கோப்புகளில் இருக்கும் அளவுக்கு உடலில் தெளிவாக இல்லை. கட்டுப்படாத சர்க்கரை நோயெதிர்ப்பு ஆற்றலைத் தளர்த்துவதால், நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுகிறது. காசநோய் உறுதியானவரிடம் சளியோடு இரத்தத்தையும் பரிசோதனைக்குக் கேட்பது இதனால்தான்.