எப்படி இயங்குகிறது? குடலுக்குள் ஒரு மாவுச்சட்டி

தேனி மாவட்டத்துத் தேவாரம் ஊரில் சாயங்காலம் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்த இட்லி மாவு விடியும்போது பொங்கிச் சட்டி விளிம்பைத் தொட்டிருக்கும். அதே அரிசி, அதே உளுந்து, அதே அளவுதான். சுமார் 4,500 அடி உயரத்தில், போடிமெட்டுப் பக்கம் அரைத்து வைத்தால் காலையில் போட்டது போட்டபடி கிடக்கும். அடுப்போரம் தள்ளி, சாக்கைச் சுற்றி வைத்தால்தான் அசையும். மாவில் யாரும் தனியாக எதையும் சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்த லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களே மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று வாயுவையும் அமிலத்தையும் விடுகின்றன. வாயு மாவை உப்பவைக்கிறது. அமிலம் வேண்டாத கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

நம் பெருங்குடலும் இப்படியொரு சட்டிதான். சூடு எப்போதும் 37 டிகிரி என்பதால் மலையா சமவெளியா என்ற கவலை அதற்கு இல்லை. ஆனால் உள்ளே போய் விழுவது ஆளுக்கு ஆள் மாறும். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வருகிற நார்ச்சத்தும் மாவுச்சத்தும்தான் இங்கே அரிசியும் உளுந்தும். மொச்சை, கீரைத்தண்டு, கேழ்வரகு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பும் பழைய சோறும் அப்படித்தான். வெந்த சோறு ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகிப்போய், செரிமான நீருக்கு மசியாமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும். அதைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

இந்தப் புளிப்பை வைத்து வைத்தியமே பார்த்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டில். வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பேதி சீக்கிரம் நின்றது. முடிவுகள் 2000-இல் வெளியாயின. மாவுச்சத்து புளித்துக் கிடைக்கும் அமிலம், குடல் சுவரை உப்பையும் நீரையும் உறிஞ்சவைக்கும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

இதுவரை சட்டிக் கதை பொருந்தி வருகிறது. இதற்கு மேல் வராது. மண்சட்டிக்குத் தனக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது, குடல் சுவருக்குத் தெரியும். நோயெதிர்ப்புச் செல்கள் ஏராளமாக அந்தச் சுவரையொட்டியே இருக்கின்றன. பியூட்டிரேட் கிடைத்தால் பெருங்குடலில் 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' பெருகுவதை 2013-இல் எலிகளில் கண்டார்கள். மற்ற எதிர்ப்புச் செல்கள் சொந்த உடலையே தாக்காமல் அடக்கிவைப்பது இவைதான். இந்த அடக்கும் ஏற்பாட்டைக் கண்டறிந்த சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அடக்குவதற்கு ஆள் இருப்பதுபோல் தூண்டிவிடவும் ஆள் உண்டு. மூட்டுவீக்கம் வரும்படி மரபணு அமைந்த எலிகளை நுண்ணுயிரே இல்லாத கூண்டில் வளர்த்தபோது நோய் வெகுவாகக் குறைந்தது. குடலில் ஒட்டி வாழும் ஒரே ஒரு வகை பாக்டீரியாவை உள்ளே விட்டதும் மூட்டு வீங்கத் தொடங்கியது. பாக்டீரியா குடலை விட்டு நகரவில்லை. அங்கே உசுப்பிவிடப்பட்ட செல்கள் செய்த வேலை அது. மனிதர்களிலும் ஒரு தடயம் உண்டு. நியூயார்க்கில் முடக்குவாதம் புதிதாக வந்தவர்களில் நான்கில் மூவர் குடலில் 'பிரிவோடெல்லா கோப்ரி' இருந்தது. நோயில்லாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. உடனே அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. தானியமும் பருப்பும் நிறையச் சாப்பிடும் நம்மவர் குடலில் பிரிவோடெல்லா சாதாரணமாகவே ஏராளம். அமெரிக்கக் குடலுக்கு எழுதிய தீர்ப்பு அப்படியே தேனி மாவட்டத்துக்குச் செல்லாது.

வேறொரு வழியில் இன்னும் நேரடியாகவே மாட்டிக்கொள்ளும் கிருமியும் இருக்கிறது. கேம்பைலோபாக்டர் என்ற பேதிக் கிருமியின் மேலுறையும் நம் நரம்பின் மேலுறையும் ஒரே சாயல். கிருமியை அடிக்கப் போன எதிர்ப்பொருள் சிலருக்கு நரம்பையும் சேர்த்து அடிக்கும், கைகால் விழுந்துவிடும். 2025 தொடக்கத்தில் புனேயில் பலரை இப்படி முடக்கிய கில்லன் பாரே நோயில் இந்தக் கிருமியும் கண்டறியப்பட்டது. எனவே, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு.

ஏலக்காய் எடுப்பது விரல் வேலை. செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். முடக்குவாதம் முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் விரல் மூட்டுகளைத்தான், அதிலும் பெண்களுக்கே அதிகம். காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் போல மடங்க மறுத்து, அது வாரக்கணக்கில் நீடித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். பழைய சோறும் மோரும் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை அவற்றை நம்பி நிறுத்தாதீர்கள். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் மூட்டு கோணாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.