காம் தண்டும் தேவையறிதலும்

பழுதுற்ற எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதுக்குவோன் பல உறுப்புகளை விலை கொடுத்து வாங்க வேண்டியவனாகின்றான். அவற்றுட் பெரும்பாலானவற்றில் அவனுக்குத் தெரிவுரிமை மிகச் சிறிது. பிஸ்ரன் வளையங்களின் அளவை உருளையின் விட்டம் வரையறுக்கும். தாங்கிகளின் அளவைத் தண்டின் பருமன் வரையறுக்கும். காம் தண்டோ அத்தகையதன்று. ஒரே எஞ்சினிற் பொருந்தக் கூடிய காம் தண்டுகள் பல வகையாக விற்கப்படுகின்றன. அவற்றுள் எதனைத் தெரிந்தெடுக்கின்றானோ அதற்கேற்ப அந்த எஞ்சினின் இயல்பே வேறாகி விடுகின்றது. கையிற் பொருள் குறைந்தவனுக்கு இத்தெரிவில் நேரும் பிழை பெரும் இழப்பாய் முடியும். ஆகவே இத்தெரிவுக்கு அடிப்படையான நெறி யாதென ஆராய்தல் பயனுடையது.

அமெரிக்க நாட்டிலே இவ்வாராய்ச்சிக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது செவ்ரொலே நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சின் ஆகும். 1955 ஆம் ஆண்டில் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் வெளிவந்த இவ்வகை, 1967 ஆம் ஆண்டில் 350 கன அங்குலமாக வளர்ந்தது. உருளையின் விட்டம் 4 அங்குலம். பிஸ்ரனின் வீச்சு 3.48 அங்குலம். 1970களிலும் 1980களிலும் அந்நாட்டு உழவரும் தச்சரும் பிறதொழிலாளரும் ஓட்டிய பிக்கப் எனப்படும் சிறு பாரவண்டிகள் பலவற்றில் இவ்வெஞ்சினே பொருத்தப்பட்டிருந்தது. அவ்வண்டிகளைச் சிறு செலவிற் புதுக்கி, வீதியில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்துவோர் இன்றும் பலர். அவ்வெஞ்சின்களுட் பல, 8.5 அளவான குறைந்த நெருக்கல் விகிதம் உடையவை என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

காம் தண்டின் தொழில் எளியது. கிராங்குத் தண்டு இரு முறை சுழலும்பொழுது காம் தண்டு ஒரு முறை சுழலும். அதன் உடலிலுள்ள முட்டை வடிவான புடைப்புகள் ரப்பெற் எனப்படும் உந்திகளை உயர்த்த, உந்திகள் தள்ளுகோல்களை உயர்த்த, அவை ரொக்கர் என்னும் நெம்புகளின் வழியாக வால்வுகளைத் திறக்கின்றன. வால்வு எப்பொழுது திறக்கும், எவ்வளவு உயரம் திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்னும் மூன்றையும் அப்புடைப்பின் வடிவமே முடிவு செய்கின்றது. எனவே விற்பனைப் பட்டியல்களிற் காணப்படும் எண்களின் பொருளை உணர்ந்தாலன்றித் தெரிவு செய்தல் இயலாது.

முதலாவது எண் ஏற்றம் ஆகும். இது வால்வு தன் இருக்கையிலிருந்து எழும் உயரம். இவ்வெஞ்சினின் நெம்பு விகிதம் 1.5 ஆதலின், புடைப்பு 0.280 அங்குலம் உயர்த்தினால் வால்வு 0.420 அங்குலம் திறக்கும். ஏற்றம் மிகுந்தால் வாயு எளிதிற் புகும் என்பது உண்மையே. ஆயினும், பழைய எஞ்சின் தலைகளில் உள்ள வில்லும் வால்வு வழிகாட்டியும் ஓர் எல்லைக்கு மேல் இடங்கொடா. ஏற்றம் 0.450 அங்குலத்தை அண்மிய பின்னர் அவ்விடைவெளிகளை அளந்து பாராமற் பொருத்துதல் ஆபத்தானது. புதிய விற்களும் தலையில் வெட்டு வேலையும் தேவைப்படின், காம் தண்டின் விலையை விட அவற்றின் செலவே மிகுதியாகலாம்.

இரண்டாவது எண் திறப்புக் காலம். இது கிராங்குத் தண்டு சுழலும் பாகைகளால் அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் உற்பத்தியாளரும் அளவைத் தொடங்கும் இடம் வேறுபடுதலால், உந்தி 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்த எண்ணையே ஒப்பு நோக்குதல் வேண்டும். திறப்புக் காலம் நீண்டால் எஞ்சின் உயர்ந்த வேகத்தில் நன்றாக மூச்சு விடும். ஆனால் உள்வால்வு பிந்தி மூடுவதால், தாழ்ந்த வேகத்தில் உருளையுட் புகுந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பி விடுகின்றது.

இதனை ஒரு கணக்கால் தெளிவாக்கலாம். பிஸ்ரன் கீழ்நிலையை அடைந்த பின்பு கிராங்குத் தண்டு மேலும் 60 பாகை சுழன்றதும் உள்வால்வு மூடுமாயின், 5.7 அங்குல இணைகோல் உடைய இவ்வெஞ்சினில், வீச்சின் 81 சதவீதமே நெருக்கலுக்கு எஞ்சியிருக்கும். நெருக்கல் விகிதம் 8.5 ஆயின், உண்மையிற் பயன்படுவது ஏறத்தாழ 7.1 ஆகும். அதே வால்வு 75 பாகையில் மூடுமாயின் எஞ்சுவது 70 சதவீதம். பயன்படும் விகிதமோ 6.3 அளவிற்கு இறங்கி விடுகின்றது. முன்னரே குறைந்த நெருக்கல் உடைய எஞ்சினில் நீண்ட திறப்புக் காலமுள்ள காம் தண்டைப் பொருத்துதல், மெலிந்தவன் உணவைக் குறைப்பதை ஒக்கும். தாழ்ந்த வேகத்தில் அது சோர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது எண், உள்வால்வுப் புடைப்புக்கும் வெளிவால்வுப் புடைப்புக்கும் இடைப்பட்ட கோணம். இதுவும் திறப்புக் காலமும் சேர்ந்து, இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தை முடிவு செய்கின்றன. இரு வால்வுகளுக்கும் முழுத் திறப்புக் காலம் 260 பாகையும் இடைக்கோணம் 112 பாகையும் ஆயின், ஒருங்கு திறப்பு 36 பாகை. அவை முறையே 290 ஆகவும் 108 ஆகவும் மாறினால் ஒருங்கு திறப்பு 74 பாகையாகி இரு மடங்கைக் கடக்கின்றது. அப்பொழுது எஞ்சின் வெறுமனே ஓடும் நிலையிற் குலுங்கும். எரிந்த வாயு உட்குழாயிற் கலக்கும். அக்குழாயின் வெற்றிடமும் குறையும். அவ்வெற்றிடத்தின் துணையால் இயங்கும் பிரேக்கு உடைய வண்டியில், இது வசதிக் குறைவு மட்டுமன்று, உயிருக்கே ஊறு விளைக்கக் கூடியது. அக்குலுங்கலோசையை வலிமையின் அடையாளமாகக் கருதி விரும்புவோரும் உளர். பாரம் இழுக்கும் வண்டிக்கு அவ்வோசையாற் பயன் எதுவுமில்லை.

இனி, வண்டி உண்மையில் எவ்வேகத்தில் வேலை செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். 28 அங்குல விட்டமுள்ள சக்கரமும் 3.08 விகிதமுள்ள பின்னச்சுக் கியரும் கொண்ட வண்டி, நேர் கியரில் மணிக்கு 60 மைல் செல்லும்பொழுது எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 முறையளவே சுழலும். கியர் விகிதம் 3.73 ஆயினும் அது 2,700 முறையைத் தாண்டாது. பரிவலு என்பது அடி-இறாத்தலில் அளந்த முறுக்கத்தைச் சுழற்சி வேகத்தாற் பெருக்கி 5,252 ஆல் வகுத்தால் வருவது. 2,200 சுழற்சியில் 300 அடி-இறாத்தல் முறுக்கம் தரும் எஞ்சின், அவ்வேகத்தில் ஏறத்தாழ 126 பரிவலுவை அளிக்கின்றது. பட்டியலிற் பெரிதாகக் காட்டப்படும் பரிவலுவோ 5,500 சுழற்சியில் கிடைப்பதாயிருக்கலாம். அவ்வேகத்தை அவ்வண்டி ஆண்டில் எத்தனை முறை எட்டும்? எட்டாத வேகத்தில் இருக்கும் வலு, ஏட்டுச் சுரைக்காய் போன்றதே.

இந்நெறியிற் பார்க்கும்பொழுது தெரிவு தானே தெளிவாகின்றது. இவ்வகை எஞ்சின்களிற் பெரிதும் வழங்கிய தொழிற்சாலைக் காம் தண்டு ஒன்றின் திறப்புக் காலம் 0.050 அங்குல அளவில், உள்வால்வுக்கு 195 பாகையும் வெளிவால்வுக்கு 202 பாகையும் ஆகும், ஏற்றம் 0.390, 0.410 அங்குலம். அதனினும் ஒரு படி உயர்ந்ததாய், 204, 214 பாகைத் திறப்பும் 0.420, 0.443 அங்குல ஏற்றமும் 112 பாகை இடைக்கோணமும் உடைய காம் தண்டு நெடுங்காலமாக விற்கப்பட்டு வருகின்றது. தாழ்ந்த நெருக்கலும் உயர்ந்த கியரும் உடைய பாரவண்டிக்கு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே தக்கது. 230 பாகை அளவான காம் தண்டை விரும்புவோன், நெருக்கல் மிகுந்த பிஸ்ரன், வேறு வில், வேறு பின்னச்சுக் கியர், தானியங்கிக் கியர்ப் பெட்டியாயின் அதற்கேற்ற வேறு முறுக்க மாற்றி ஆகியவற்றையும் வாங்கக் கடமைப்பட்டவனாகின்றான். ஒன்றை மட்டும் வாங்கி மற்றவற்றை விடுவானாயின், பணம் கொடுத்து முன்னிருந்த வலுவையும் இழந்தவனாவான்.

தெரிவு செம்மையாயினும் பொருத்துதலிற் கவனம் வேண்டும். தட்டையான அடியுடைய உந்திகள் எனப்படுபவை உண்மையில் முழுத் தட்டையல்ல. அவற்றின் அடி சிறிது குவிந்தும், புடைப்பின் முகம் சிறிது சரிந்தும் இருப்பதனால் உந்தி சுழன்றுகொண்டே தேய்கின்றது. ஒரு புடைப்போடு பழகிய உந்தி வேறொரு புடைப்புக்கு ஆகாது. ஆதலாற் புதிய காம் தண்டுக்குப் புதிய உந்திகளையே இடுதல் வேண்டும். இதிற் சிக்கனம் கூடாது. எஞ்சின் முதலில் உயிர்பெற்றவுடன் 2,000 முதல் 2,500 சுழற்சி வரையான வேகத்தில் 20 முதல் 30 நிமிடம் ஓட விடுதல் மரபு. கிராங்குத் தண்டு சிதறும் எண்ணெயே புடைப்புகளை நனைப்பதனால், மெதுவாக ஓடும்பொழுது அவை வறண்டு தேயும். உராய்வைக் காக்கும் நாகமும் பொசுபரசும், வெளியேறும் வாயுவைத் தூய்மையாக்கும் ஊக்கிக் கருவியைப் பேணும் பொருட்டு, பிற்கால எண்ணெய்களிற் குறைக்கப்பட்டுள்ளன. ஆகவே இவை மிகுந்த எண்ணெயைத் தேடிப் பெறுதல் நன்று. தேய்ந்த ஒரு புடைப்பின் உலோகத் துகள்கள் எண்ணெயோடு சென்று தாங்கிகள் அனைத்தையும் கெடுக்கும். அப்பொழுது புதுக்கிய செலவு முழுவதும் வீணாகும்.

காம் தண்டை ஓட்டும் சங்கிலியையும் பற்சக்கரங்களையும் அவ்வேளையிலேயே மாற்றுதல் அறிவுடைமை. பழைய எஞ்சின்கள் பலவற்றில் மேற்சக்கரத்தின் பற்கள் நைலோனால் ஆனவை. காலத்தால் அவை உடைந்து உதிரும். சிறு விலையுள்ள இப்பகுதியைப் புறக்கணித்தல் பெருங்கேட்டுக்கு இடமாகும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது தமிழ்ப் பழமொழி. இழுக்க வேண்டிய பாரம், அமைந்த நெருக்கல், உள்ள கியர், கையிலுள்ள பொருள் ஆகிய நான்கையும் முதலிற் கணக்கிட்டு, அதன் பின்னரே பட்டியலைத் திறத்தல் முறை. இரு காம் தண்டுகளிடையே ஐயம் எழுமாயின் சிறியதைக் கொள்வதே பாதுகாப்பு. சிறியதைத் தெரிந்தவன் உயர்ந்த வேகத்தில் ஒரு சிறிது வலுவை இழக்கின்றான். பெரியதைத் தெரிந்தவன் நாள்தோறும் தான் ஓட்டும் வேகத்தில் அதனை இழக்கின்றான். அன்றாடம் பாரம் இழுத்து ஒரு குடும்பத்தைக் காக்கும் வண்டிக்கு எவ்விழப்புப் பெரிதென்பது சொல்லாமலே விளங்கும்.