ஆயிரம் லிட்டரில் ஒன்றரை கிராம்

"கொதிக்க வெச்சுக் குடுத்தா போயிடுமா சார்?" பாலக்கோடு பக்கம் வேதியியல் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்டது இதைத்தான். போகாதும்மா. காய்ச்சினால் சாக, தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு கிருமி இல்லை, உப்பு. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். கொதிக்கக் கொதிக்க அதன் அடர்த்தி ஏறும். கேண்டில் ஃபில்டரும் குளோரினும் அதை ஒன்றும் செய்யாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் முன்பல்லில் காவிக் கறை விழுந்த பிள்ளைகளை எல்லா வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி எதற்கும் அது அசையாது. ஏழெட்டு வயதுக்குள் ஈறுக்கு உள்ளே பல் உருவாகும்போதே ஃபுளோரைடு ஏற்படுத்தும் பழுது அது. இன்னும் பல வருடம் அதே தண்ணீரைக் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். கழுத்து திரும்பாது, முதுகு வளையாது. இந்த நோயை ஹெச். இ. ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1937-லேயே நெல்லூர் மாவட்டத்தில் கண்டு எழுதிவிட்டார்கள். நெல்லூர் அன்று நம்முடைய சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

இந்த ஃபுளோரைடு எந்த ஆலையும் கலந்துவிட்ட விஷமல்ல. நம் ஊர்ப் பாறையிலேயே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடப் போட, பாறை இடுக்கில் வெகுகாலம் தங்கிக் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. ஒரு வேடிக்கை: சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் சேர முடியாது, கால்சியம் அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும். சோப்பு நன்றாக நுரைக்கும் 'நல்ல தண்ணி' போரில்தான் சில சமயம் அது கூடுதலாக இருக்கும். ஆக, நாக்கை நம்பிப் பயனில்லை.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒன்றரை கிராம். அதே தொட்டியில் மற்ற உப்புகள் ஒரு கிலோ வரைகூடக் கரைந்திருக்கும். அந்த ஒரு கிலோவைத் தொடாமல், அளவு மீறிய சில கிராம் ஃபுளோரைடை மட்டும் தேடி எடுக்க வேண்டும். சிரமம் அங்கேதான்.

வழி இல்லாமல் இல்லை. நாக்பூர் நீரி நிறுவனம் 1970-களில் நல்கொண்டா முறையைக் கொண்டுவந்தது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுக் கலக்கினால் திரள் திரளாக வண்டல் உருவாகும். ஃபுளோரைடு அதில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். படிகாரத்தைத் தாராளமாகப் போடவேண்டும் என்பதுதான் சங்கடம். கலங்கல் தெளிய லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் போதும். இதற்குச் சில நூறு. தினமும் அளந்து போட்டுத் தெளிய வைத்து வடிக்க எந்த வீட்டில் நேரம் இருக்கிறது? மிஞ்சும் வண்டலை எங்கே கொட்டுவது?

அடிபம்பில் அலுமினா குருணை நிரப்பிய உருளையை மாட்டுவது இன்னொரு வழி. வேதியியலாகப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஃபுளோரைடு குருணையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். இடம் நிரம்பியதும், கூட்டமான பஸ்ஸில் ஏற முடியாத ஆள் மாதிரி, அடுத்து வருவது வெளியே போய்விடும். அப்போது காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு அமிலத்தால் சரிசெய்ய வேண்டும். மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டரா அதைச் செய்வார்? நான் பார்த்த ஒரு ஊரில் உருளை மாட்டியதோடு சரி, கழுவ ஆளே வரவில்லை. தண்ணீர் நிறம் மாறவில்லை, ருசி மாறவில்லை. சுத்தமான தண்ணீர் என்று நம்பி ஊரே குடித்துக்கொண்டிருந்தது. ஃபில்டரே இல்லாத ஊரைவிட இது மோசம் என்பேன்.

வீட்டு ஆர்.ஓ. ஃபுளோரைடைப் பெரும்பாலும் எடுத்துவிடும். ஆனால் ஒரு குடம் தர அதைவிட அதிகமாகச் சாக்கடைக்கு அனுப்பும் மிஷின்தான் அநேகம். வறண்ட ஊருக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால்தான் ஃபுளோரைடை எடுப்பதைவிட, அது குறைவாக இருக்கும் தண்ணீரைக் கொண்டுவருவதே மேல் என்ற முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாயில், காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் அதன் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. ஆனாலும் கோடையில் காவிரித் தண்ணீர் குறையும்போது மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறது. குழாயைப் பார்த்து எது எதென்று சொல்ல முடியாது.

உங்கள் போர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் பிடித்து, மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு ஒன்றரைக்கு மேல் இருந்தால் அதைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் பருப்பு வேக வைக்கவும் ஆற்றுத் தண்ணீரையோ மழைநீரையோதான் எடுக்க வேண்டும்.