பழுத்த இலையும் நீர்வர்ணமும்



இலையுதிர்காலம் என்றவுடன், செந்நிறம் பூண்டு நிற்கும் மேனாட்டு மேப்பிள் மரங்களே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கொழும்பில் அத்தகைய பருவம் இல்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே இங்கு ஒரு மணி நேர வேறுபாடுகூடக் கிடையாது. ஆயினும், இலை சிவந்து உதிரும் காட்சி நமக்குப் புதியதன்று. வெள்ளவத்தைக் கடலோரத்தில் நிற்கும் நாட்டு வாதுமையைப் பாருங்கள். சிங்கள மக்கள் கொட்டம்பா என வழங்கும் அம்மரத்தின் அகன்ற இலைகள், மஞ்சளும் செம்மையும் கலந்து பழுத்தே விழுகின்றன.

பல்லாண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனையில் நான் கற்பித்தபொழுது, மாணாக்கன் ஒருவன் சிவந்த இலைகளையுடைய மரமொன்றை வரைந்து வந்தான். 'இலை பச்சை நிறமுடையது' என்று சிவப்பு மையினால் திருத்தினேன். மறுநாள், பழுத்த வாதுமை இலையொன்றை என் மேசைமீது வைத்துவிட்டு, ஒன்றும் பேசாது தன் இடத்திற் போய் அமர்ந்தான். பார்க்கத் தவறியவன் அவனல்லன், நானே.

இலை பழுக்குங்கால் பச்சையம் சிதைகின்றது. சத்துக்களின் ஒரு பகுதியை மரம் மீளப் பெற்றுக்கொள்கின்றது. அதுவரை பச்சையினுள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. செந்நிறம் தரும் அந்தோசயனினோ அப்பொழுது புதிதாக உண்டாவது.

தீட்டுவோரும் இவ்வொழுங்கையே பின்பற்றலாம். முதலில், அடி குறுகி நுனி நோக்கி அகலும் இலையின் உருவையும் நரம்புகளையும் நீரிற் கரையாத கறுப்பு மையினால் வரைக. மை நன்கு உலர்ந்தபின், இலைப்பரப்பை நீரால் நனைத்து மஞ்சளைப் பரப்புக. ஈரம் முற்றும் நீங்குமுன் ஆங்காங்கே சிவப்பைத் தொட்டு வைத்தால், ஒன்று மற்றொன்றினுள் தானே பரவும். கடற்கரை வீடுகளில் காற்றின் ஈரத்தால் தாள் உலரத் தாமதமாகும், பொறுமை வேண்டும். சாதாரண பேனா மையே கையிலிருப்பின், வர்ணத்தை முதலில் தீட்டி, அது காய்ந்தபின் கோடிடுக. இல்லையேல் மை கரைந்து வர்ணத்தைக் கெடுத்துவிடும்.

இக்கலை நம் நாட்டிற்குப் பழக்கமானதே. 19 ஆம் நூற்றாண்டில், பேராதனைத் தாவரவியற் பூங்காவின் சித்திரகாரராகப் பணியாற்றிய ஹர்மானிஸ் டி அல்விஸ், இலங்கைத் தாவரங்களை நீர்வர்ணத்தில் வரைந்து வைத்தார். அவருக்குப்பின் அவர் குடும்பத்தவரும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1893 இல் வெளிவரத் தொடங்கிய ஹென்றி டிரைமனின் இலங்கைத் தாவர நூலின் வர்ணப் படங்களில் அக்குடும்பத்தவரின் கைத்திறனைக் காணலாம். அவர்கள் வரைந்தது இந்நாட்டு மண்ணில் முளைத்தவற்றையே.

பெற்றோரே, ஆசிரியரே, உங்கள் பிள்ளை சிவந்த இலையைத் தீட்டி வந்தால், திருத்துமுன் முற்றத்து மரத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.