கீபோர்டு எந்தக் கட்டத்தில் ஊமையாகிறது?

லினக்ஸ் கணினி பூட் ஆகிறது. கிரப் மெனுவில் அம்புக்குறி விசைகள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. அடுத்து, என்க்ரிப்ட் செய்த வட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டுத் திரை நிற்கிறது. இப்போது யுஎஸ்பி கீபோர்டில் எதைத் தட்டினாலும் அசைவில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரிவதில்லை. உடனே புது கீபோர்டு வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். கிரப்பில் வேலை செய்த கீபோர்டு பெரும்பாலும் நல்ல கீபோர்டுதான். பூட் ஆகும்போது அதன் பொறுப்பு கைமாறும் இடத்தில்தான் சிக்கல்.

முதல் பொறுப்பு பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ-யுடையது. அதற்கென்றே யுஎஸ்பி கீபோர்டுகளில் ஓர் எளிய பேச்சுமுறை உண்டு. ஒவ்வொரு செய்தியும் 8 பைட். முதல் பைட் ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளுக்கு. இரண்டாவது ஒதுக்கி வைக்கப்பட்டது. மீதி 6 பைட்டுகள், அழுத்தப்பட்டிருக்கும் மற்ற விசைகளின் எண்களுக்கு. கிரப் பொதுவாக இந்த ஏற்பாட்டை நம்பியே இயங்குகிறது.

லினக்ஸ் கர்னல் எழுந்ததும் யுஎஸ்பி கன்ட்ரோலரைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. பயாஸின் உதவி அத்தோடு முடிந்தது. இனி கர்னலுக்கு இரண்டு வகை டிரைவர்கள் தேவை: கன்ட்ரோலருக்கு எக்ஸ்ஹெச்சிஐ போன்றவை, கீபோர்டுக்கு யுஎஸ்பிஹெச்ஐடி போன்றவை. இவை கர்னலுக்குள் சேர்க்கப்படாமல் தனி மாட்யூல்களாக இருந்தால், அவற்றின் இடம் வட்டு. வட்டோ பூட்டியிருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான்.

இந்த முடிச்சை அவிழ்ப்பது இனிட்ராம்எஃப்எஸ். கர்னலோடு சேர்ந்தே நினைவகத்தில் ஏறும் சிறிய கோப்புத் தொகுப்பு இது. இடத்தை மிச்சப்படுத்த, சில லினக்ஸ் வகைகள் இதைத் தயாரிக்கும் நேரத்தில் கணினியில் காணப்படும் சாதனங்களுக்கான மாட்யூல்களை மட்டுமே சேர்க்கின்றன. அப்போது கீபோர்டு செருகப்படாமல் இருந்திருந்தால், அதன் டிரைவர் விடுபட வாய்ப்புண்டு.

ஆகவே கட்டத்தைப் பார்த்து வைத்தியம் செய்ய வேண்டும். கிரப்பிலேயே கீபோர்டு இயங்காவிட்டால் பயாஸ் அமைப்பில் ஃபாஸ்ட் பூட்டை அணைத்து, லெகசி யுஎஸ்பி சப்போர்ட்டை இயக்குங்கள். அங்கு நுழையவே கீபோர்டு உதவாவிட்டால், ஹப்பை விலக்கி நேரடியாக யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

கடவுச்சொல் கட்டத்தில் நின்றால், கிரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே செல்லுங்கள். இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸைப் பயன்படுத்தும் டெபியன், உபுண்டு பதிப்புகளில் அதன் கோப்புறையிலுள்ள மாட்யூல்ஸ் கோப்பில் விடுபட்ட டிரைவர்களின் பெயர்களை எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை இயக்க வேண்டும். ஃபெடோராவில் கீபோர்டைச் செருகியபடியே டிராகட் கொண்டு, சிக்கலுள்ள கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கலாம். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ அமைப்பில் கீபோர்டு என்ற ஹூக்கை ஆட்டோடிடெக்டுக்கு முன்னால் வைத்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கினால், எல்லா கீபோர்டு டிரைவர்களும் சேர்ந்துவிடும்.

புது கர்னல் வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள். புதியதில் பூட் செய்து, கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்து பார்த்த பிறகே அழியுங்கள்.