வேலிக்கம்பி இறுக்கும் கருவியும் விற்பனைப் பாடமும்

வேலிக்கம்பி தொய்ந்துவிட்டால் வேலி இருந்தும் பயனில்லை, ஆடுமாடுகள் நுழைந்துவிடும். நீண்ட கம்பியைக் கைப்பலத்தால் மட்டும் இழுத்து விறைப்பாக்குவது கடினம். இதற்கென்றே உள்ளது கம்பி இறுக்கும் கருவி.

இதன் அமைப்பு எளியது. நடுவில் அறுந்த கம்பியின் இரு முனைகளையும் இரண்டு பிடிகள் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் அது சங்கிலியில் கண்ணி கண்ணியாக நகர்ந்து, இரு முனைகளையும் அருகில் கொண்டுவரும். அவற்றை முடிந்த பிறகு கருவியைக் கழற்றிவிடலாம்.

இவ்வகையில் பெயர் பெற்றது நியூசிலாந்தின் ஹேய்ஸ் கருவி. 1924-இல் செம்மை பெற்ற அது இன்றும் தயாராகிறது. அதை உருவாக்கிய எர்னஸ்ட் ஹேய்ஸ், ஒட்டுரெஹுவா என்ற சிற்றூரில், பயிரை அழிக்கும் முயல்களுக்கு நஞ்சுத்தீனி தயாரிக்கும் சாதனத்துடன் 1895-இல் தொழிலைத் தொடங்கியவர். வாங்க வேண்டிய பண்ணைக்காரர்களோ தொலைதூரங்களில் சிதறிக் கிடந்தனர். அவருடைய மனைவி ஹேனா, மிதிவண்டியில் பண்ணை பண்ணையாகச் சென்று சரக்கை விற்று, ஆர்டரும் பிடித்து வந்தார். பட்டறையை நிலைநிறுத்தியதில் அந்த மிதிவண்டிக்கும் பங்குண்டு.

வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இதுவே. மளிகையானாலும் இரும்புச் சாமான் ஆனாலும், பழக்கமில்லாத சரக்கு அலமாரியில் இருந்தபடி தானே விலைபோகாது. எனவே புதுச்சரக்குக்கு முதல் போடுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இதன் பயனை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல நமக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முடங்குவது நம் முதலே.